தலை தப்பினால் மட்டும் போதுமா?

தமிழகத்தில் 2022 ஜனவரி 12 அன்று ஒரே நாளில் திறந்துவைக்கப்பட்ட 11 அரசு மருத்துவக் கல்லூரிகளில் ராமநாதபுரமும் ஒன்று. மதுரை எய்ம்ஸ் நிறுவனத்தின் முதல் மாணவர்களும் அதே ஆண்டில் இந்த வளாகத்தில்தான் தங்கள் படிப்பைத் தொடங்கினர். தலைக்குள் ரத்தக்கசிவு என்றால் மதுரைக்கு ஓடுவதைத் தவிர வேறு வழியறியாத ஒரு கடலோர மாவட்டத்துக்கு இது சிறிய மாற்றம் அல்ல. கீழக்கரையிலிருந்து ராமநாதபுரம் 17 கிலோமீட்டர் அளவில்தான். மதுரையோ சுமார் 130 கிலோமீட்டர். மூளையில் ரத்தநாளம் வெடித்தவருக்கு இந்த வேறுபாடு உயிருக்கும் மரணத்துக்கும் இடையிலான வேறுபாடாகவே இருக்கக்கூடும்.

ஆனால், மருத்துவ முன்னேற்றத்தை நாம் அளக்கும் விதத்தில் ஒரு குறை உண்டு. எத்தனை பேரைக் காப்பாற்றினோம் என்று எண்ணுகிறோம். காப்பாற்றப்பட்டவர் ஓராண்டு கழித்து எப்படி வாழ்கிறார் என்று யாரும் கேட்பதில்லை. மூளை ரத்தநாளப் புடைப்புக்கு, அதாவது அனியூரிசத்துக்கு, சிகிச்சை பெற்று வீடு திரும்பியவர்கள் விஷயத்தில் இந்தக் குறை மிகத் தெளிவாகத் தெரிகிறது. அவர்களில் ஒரு பகுதியினருக்குப் பிட்யூட்டரி சுரப்பி பழுதடைகிறது. அது எளிதில் கண்டுபிடிக்கக்கூடியது. பெரும்பாலும் மலிவான மாத்திரைகளால் சரிசெய்யக்கூடியது. கேட்பாரில்லாததால் கண்டுபிடிக்கப்படாமலே போகிறது.

பட்டாணி அளவுத் தலைமையகம்

மூளைக்குச் செல்லும் ரத்தநாளத்தின் சுவரில் பலவீனமான இடம் பலூன்போலப் புடைப்பதே அனியூரிசம். வயதுவந்தோரில் நூற்றுக்குச் சுமார் மூன்று பேரிடம் இது இருக்கலாம் என்பது மருத்துவ உலகின் கணிப்பு. பெரும்பாலானவை வாழ்நாள் முழுவதும் வெடிப்பதில்லை. வெடித்துவிட்டால், வாழ்நாளில் அனுபவித்திராத கடும் தலைவலி நொடிப்பொழுதில் தாக்கும். ஏறத்தாழ மூன்றில் ஒருவர் இறந்துபோகிறார். ஆண்களைவிடப் பெண்களே இதில் அதிகம் பாதிக்கப்படுகின்றனர். உயர் ரத்த அழுத்தமும் புகைபிடித்தலும் ஆபத்தைக் கூட்டுபவை.

சிகிச்சை இரு வகை. ஒன்று, மண்டையோட்டைத் திறந்து புடைப்பின் கழுத்தில் உலோகக் கவ்வி பொருத்துவது. 1937-இல் அமெரிக்க மருத்துவர் வால்டர் டேண்டி இதைத் தொடங்கிவைத்தார். மற்றொன்று, தொடை வழியே நுண்குழாயைச் செலுத்திப் புடைப்பைப் பிளாட்டினச் சுருளால் நிரப்புவது. இது 1990-களில் பரவியது. வேலூரில் 1949-இல் ஜேக்கப் சாண்டியும், சென்னை அரசுப் பொது மருத்துவமனையில் 1950-இல் பா.ராமமூர்த்தியும் நரம்பியல் அறுவை சிகிச்சைத் துறைக்கு அடித்தளமிட்ட மாநிலம் நம்முடையது. மூளையைத் திறந்து மூடும் திறமையில் நாம் பின்தங்கியவர்கள் அல்லர்.

இந்தப் புடைப்புகள் பெரும்பாலும் தோன்றும் இடம் மூளையின் அடித்தளத்தில் உள்ள ரத்தநாள வளையம். அதன் நடுவே, எலும்புக் குழி ஒன்றில், பட்டாணி அளவில் அரை கிராம் எடையுடன் அமர்ந்திருக்கிறது பிட்யூட்டரி சுரப்பி. மெல்லிய காம்பு ஒன்று அதை மேலேயுள்ள ஹைப்போதலாமஸ் பகுதியுடன் இணைக்கிறது. தைராய்டு, அட்ரீனல், சினைப்பை, விதைப்பை ஆகியவற்றுக்குக் கட்டளைகள் இங்கிருந்துதான் போகின்றன. உடலின் நீர்ச் சமநிலையைக் காக்கும் வாசோப்ரெஸ்ஸினும் இதன் பின்பகுதியிலிருந்தே ரத்தத்தில் கலக்கிறது.

இத்தனை முக்கியமான உறுப்புக்கு ரத்தம் கொண்டுசெல்பவை மயிரிழை போன்ற நுண்நாளங்கள். புடைப்பு வெடிக்கும்போது பீறிடும் ரத்தம், தலைக்குள் உயரும் அழுத்தம், அடுத்த சில நாட்களில் ரத்தநாளங்கள் சுருங்குவது, மூளை நீர் தேங்குவது ஆகிய எல்லாமே இந்த நுண்நாளங்களைப் பாதிக்கக்கூடியவை. கவ்வி பொருத்தும்போதும் அருகிலுள்ள நுண்நாளம் சேதமடையலாம். வெடிக்காத பெரிய புடைப்பேகூட சுரப்பியை அழுத்தலாம். அத்தகைய புடைப்பு ஸ்கேனில் பிட்யூட்டரி கட்டியைப்போலவே தோன்றுவதும் உண்டு. கட்டி என்று நினைத்து மூக்கு வழியே அறுவை சிகிச்சையில் இறங்கினால் உயிருக்கே ஆபத்து என்பதால்தான், அதற்கு முன் ரத்தநாளங்களைப் பார்த்துவிடும்படி மருத்துவ நூல்கள் எச்சரிக்கின்றன.

கோப்பில் இல்லாத நோய்

நான் மருத்துவன் அல்ல. வெளியூர் சிகிச்சைக்காகவும் காப்பீட்டு அட்டைக்காகவும் உதவி கேட்டு வருகிறவர்களின் மருத்துவக் கோப்புகளைக் கீழக்கரையில் பல ஆண்டுகளாகப் பார்த்துவருகிறேன். ஆண்களில் பலர் வளைகுடா நாடுகளில் வேலைபார்க்கும் ஊர் இது. வீட்டின் அன்றாடப் பொறுப்பு முழுவதும் பெண்களின் தோளில்தான் இருக்கிறது. அப்படியொரு பொறுப்பைச் சுமந்த நாற்பத்தாறு வயதுப் பெண்ணுக்கு வெளியூர் மருத்துவமனை ஒன்றில் அனியூரிசத்துக்குக் கவ்வி பொருத்தப்பட்டது. அறுவை சிகிச்சை வெற்றி. கை கால் விளங்கியது, பேச்சும் தெளிவு. உறவினர்கள் நிம்மதியடைந்தார்கள், கணவர் துபாய்க்குத் திரும்பினார்.

ஏழு மாதங்கள் கழித்து அவருடைய மகள் கோப்புடன் வந்தார். “உம்மா முன்ன மாதிரி இல்ல, மாமா. கூப்பிட்டாத்தான் எழும்புறாங்க. சித்திரை வெயில்லயும் ஃபேனை நிறுத்தச் சொல்றாங்க” என்றார். மாதவிடாய் நின்றுபோயிருந்தது. வயதாகிவிட்டது என்று எல்லோரும் எண்ணிக்கொண்டார்கள். சமையலறையில் நிற்க முடியவில்லை, சோம்பல் என்றார்கள். பேச்சு குறைந்தது, மனச்சோர்வு என்று மாத்திரை தரப்பட்டது. முகாம் ஒன்றில் தைராய்டுக்கு ரத்தம் எடுத்து, ‘நார்மல்’ என்று சொல்லிவிட்டார்கள். அந்த ஆண்டு நோன்பு நாள் ஒன்றில் அசர் நேரத்தில் அவர் வாந்தியெடுத்து மயங்கினார். ரத்த அழுத்தம் இறங்கியிருந்தது, சோடியம் குறைந்திருந்தது. பழைய அறுவை சிகிச்சையைப் பற்றிக் கேட்டறிந்த பணி மருத்துவர் ஒருவர், கார்டிசால் அளவைப் பார்க்கச் சொன்னார். அது மிகக் குறைவாக இருந்தது. ஸ்டீராய்டு மாத்திரையும், அதைத் தொடர்ந்து தைராய்டு மாத்திரையும் தொடங்கிய சில வாரங்களில் அந்தப் பெண் மறுபடியும் தம் வீட்டை நிர்வகிக்க ஆரம்பித்தார்.

அவருடைய டிஸ்சார்ஜ் சம்மரியை நான் மூன்று முறை படித்தேன். அறுவை சிகிச்சையைப் பற்றி ஒன்றரைப் பக்கம் இருந்தது. இறுதியில், ஒரு மாதம் கழித்து வரவும் என்று ஒரு வரி. ஹார்மோன் என்ற சொல்லே அதில் இல்லை. இந்த ஒரு கோப்பை மட்டும் குறைசொல்லிப் பயனில்லை. இத்தகைய சிகிச்சை முடிந்து வந்தவர்களின் கோப்புகளில் அந்தச் சொல்லை நான் அபூர்வமாகவே கண்டிருக்கிறேன்.

எண்கள் சொல்வதும் சொல்லாததும்

இது அரிதான சிக்கலா? 2007-இல் அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் ஆய்விதழில் வெளியான தொகுப்பாய்வு, அனியூரிசம் வெடித்துப் பிழைத்தவர்களில் 47 சதவீதத்தினரிடம் பிட்யூட்டரி குறைபாடு ஏதேனும் ஒரு வகையில் காணப்பட்டதாகக் கூறியது. 2016-இல் வெளியான இன்னொரு தொகுப்பாய்வின்படி, தொடக்க மாதங்களில் ஏறத்தாழப் பாதிப் பேரிடம் குறைபாடு தெரிந்தாலும், ஆறு மாதங்களுக்குப் பிறகு அது ஏறத்தாழக் கால்வாசியாகக் குறைகிறது. இதைவிட மிகக் குறைவான அளவைக் கண்ட ஆய்வுகளும் உண்டு. எந்தப் பரிசோதனையை எந்த நேரத்தில் செய்தார்கள், எந்த அளவைக் குறைபாடு என்று கொண்டார்கள் என்பதைப் பொறுத்து எண்கள் மாறுகின்றன. மேலும், இவற்றில் அதிகம் காணப்படுவது வளர்ச்சி ஹார்மோன் குறைபாடு. அதற்கான ஊசி விலை உயர்ந்தது. எல்லோருக்கும் அது தேவை என்றும் சொல்ல முடியாது.

ஆகவே, தப்பிப் பிழைத்தவர்களில் பாதிப் பேர் நோயாளிகள் என்று அச்சமூட்டுவது நேர்மையாகாது. அதே வேளையில், எண்கள் வேறுபடுகின்றன என்பதைக் காரணம் காட்டி யாரையும் சோதிக்காமல் விடுவதும் நியாயமல்ல. உயிருக்கு ஆபத்தான குறைபாடு கார்டிசால் குறைவு. அது சிலருக்கே வரலாம். ஆனால், அந்தச் சிலர் யார் என்று வெளித்தோற்றத்தை வைத்துச் சொல்ல இயலாது.

மருத்துவமனையில் இருக்கும் நாட்களிலேயே இதன் அறிகுறி தோன்றலாம். டப்ளின் நகர மருத்துவர்கள் 2014-இல் வெளியிட்ட ஆய்வில், அனியூரிசம் வெடித்த 100 பேரில் 49 பேருக்குச் சோடியம் குறைந்தது. பெரும்பாலோருக்கு அதற்குக் காரணம் வாசோப்ரெஸ்ஸின் அளவுக்கு மீறிச் சுரந்தது. நால்வருக்கோ கார்டிசால் குறைவு. சோடியம் குறைந்ததற்கு உப்பை மட்டும் ஏற்றி அனுப்பிவிட்டால், இந்த நால்வரின் உண்மையான நோய் அவர்களுடனேயே வீட்டுக்குப் போய்விடும்.

‘தைராய்டு நார்மல்’ என்னும் மாயை

நம் ஊர்ப் பரிசோதனைக் கூடங்களிலும் முகாம்களிலும் தைராய்டு சோதனை என்றால் பெரும்பாலும் டி.எஸ்.ஹெச். ஒன்றைத்தான் பார்க்கிறார்கள். சாதாரணத் தைராய்டு நோய்க்கு அது மிகச் சரியான சோதனை. தைராய்டு சோம்பினால், பிட்யூட்டரி அதை முடுக்குவதற்காக டி.எஸ்.ஹெச்.சைக் கூடுதலாகச் சுரக்கும். அந்த உயர்வே நோயைக் காட்டிக்கொடுக்கும். பிட்யூட்டரியே பழுதாகியிருந்தால் முடுக்குவதற்கு ஆள் இல்லை. அப்போது டி.எஸ்.ஹெச். இயல்பாகவோ குறைவாகவோ தெரியும். உடலிலோ தைராய்டு ஹார்மோன் வற்றிக்கொண்டிருக்கும். எனவே, மூளை ரத்தநாளச் சிகிச்சை பெற்றவருக்கு ஃப்ரீ டி4 என்னும் சோதனையையும் சேர்த்துப் பார்க்காமல் ‘நார்மல்’ என்று எழுதக் கூடாது.

இதில் இன்னொரு கண்ணியும் உண்டு. கார்டிசாலும் தைராய்டும் ஒருசேரக் குறைந்திருப்பவருக்குத் தைராய்டு மாத்திரையை முதலில் கொடுத்தால், உடலில் எஞ்சியிருக்கும் சொற்பக் கார்டிசாலும் வேகமாகச் செலவழிந்து, உயிராபத்தான நெருக்கடி நேரலாம். முதலில் கார்டிசாலை ஈடுசெய்ய வேண்டும்; தைராய்டு அதற்குப் பிறகுதான்.

கார்டிசாலைக் காலை 8 மணி அளவில் எடுத்த ரத்தத்தில் பார்க்க வேண்டும். டெசிலிட்டருக்கு 3 மைக்ரோகிராமுக்குக் கீழே இருந்தால் குறைபாடு ஏறத்தாழ உறுதி. 15-க்கு மேல் இருந்தால் பெரும்பாலும் கவலையில்லை. இடைப்பட்ட அளவுள்ளவர்களை மட்டும் அடுத்தகட்டத் தூண்டல் சோதனைக்குப் பெரிய மருத்துவமனைக்கு அனுப்பினால் போதும். எல்லோரையும் மதுரைக்கு அலைக்கழிக்கத் தேவையில்லை.

நோன்பும் தாகமும்

கீழக்கரை போன்ற ஊரில் இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். கார்டிசால் குறைபாடு உள்ளவர்களின் மாத்திரை நேரம் நோன்பு மாதத்தில் மாறுகிறது. வெயில், நீரிழப்பு, மாத்திரை தவறுதல் ஆகியவை சேரும்போது நெருக்கடி வரலாம். நோயாளிக்கும் பயணிக்கும் நோன்பில் உள்ள சலுகை திருக்குர்ஆனிலேயே கூறப்பட்டிருக்கிறது. யார் நோற்கலாம், யார் தவிர்க்க வேண்டும், நோற்பவர் மாத்திரையை ஸஹரிலும் இஃப்தாரிலும் எப்படிப் பிரித்துக்கொள்வது, எந்த அறிகுறி தென்பட்டால் நோன்பை முறிக்க வேண்டும் என்பதையெல்லாம் ரமலானுக்கு ஒரு மாதம் முன்பே மருத்துவரிடம் பேசித் தீர்மானிக்க வேண்டும். அது தெரியாமல் நோயாளி மனம் குமைவதும், தெரியாமலே நோற்று மயங்கி விழுவதும் தவிர்க்கக்கூடியவை.

தாகம் அதைவிடக் கொடியது. வாசோப்ரெஸ்ஸின் சுரப்பு நின்றுபோனால், சிறுநீர் குடம்குடமாக வெளியேறும். குடித்துக்கொண்டே இருக்காவிட்டால் உடல் வற்றிவிடும். டயாபடீஸ் இன்சிபிடஸ் என்பது இதன் பழைய பெயர். இதற்கும் சர்க்கரைக்கும் சம்பந்தமில்லை. 2009-இல் லண்டன் மருத்துவமனை ஒன்றில் இந்நோய் கொண்ட 22 வயது இளைஞர், இடுப்பு அறுவை சிகிச்சைக்குப் பின் தேவையான மருந்தும் நீரும் கிடைக்காமல் இறந்தார். தண்ணீர் கேட்டு அவர் காவல் துறையைத் தொலைபேசியில் அழைத்ததும் பின்னர் தெரியவந்தது. சர்க்கரை நோயுடன் இதைக் குழப்பிக்கொள்வதால் நேரும் இத்தகைய ஆபத்துகளைத் தடுக்கவே, 2022-இல் சர்வதேச மருத்துவ அமைப்புகள் இந்நோயின் பெயரையே ‘வாசோப்ரெஸ்ஸின் குறைபாடு’ என்று மாற்றப் பரிந்துரைத்தன. வளர்ந்த நாட்டின் தலைநகரிலேயே இந்தக் குழப்பம் நேர்ந்ததென்றால், நம் ஊரில் ‘அதிகமாகத் தண்ணீர் குடிக்கிறார், சர்க்கரையாக இருக்கும்’ என்று சொல்லி நோன்பு நோற்கவைப்பது எவ்வளவு எளிது!

மாவட்டத்திலேயே முடியும்

இதற்குப் புதிய கட்டடமோ புதிய இயந்திரமோ தேவையில்லை. இருப்பதைக் கோத்தாலே போதும்.

முதலாவது, மூளை ரத்தநாளப் புடைப்புக்குச் சிகிச்சை செய்யும் ஒவ்வொரு மருத்துவமனையும் டிஸ்சார்ஜ் சம்மரியில் ஒரு வரியைக் கட்டாயமாகச் சேர்க்க வேண்டும்: மூன்று முதல் ஆறு மாதங்களுக்குள்ளும், பிறகு ஓராண்டிலும், காலை நேரக் கார்டிசால், ஃப்ரீ டி4, டி.எஸ்.ஹெச்., சோடியம். அறிகுறி இருந்தால் அதற்கு முன்பே. பெண்களிடம் மாதவிடாய் குறித்தும், ஆண்களிடம் பாலியல் நாட்டம் குறித்தும் கூச்சமின்றிக் கேட்க வேண்டும். ஊடல் என்றும் முதுமை என்றும் குடும்பங்கள் விழுங்கிக்கொள்ளும் வேதனைகளில் சில, ஹார்மோன் குறைவாக இருக்கலாம்.

இரண்டாவது, முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் ஒரு குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை சிகிச்சைக்கு வழிசெய்கிறது. சில சிகிச்சைகளுக்குப் பின்தொடர் கவனிப்பும் அதில் உண்டு. மூளை ரத்தநாளச் சிகிச்சையின் பின்தொடர் கவனிப்பில் இந்த நான்கு சோதனைகளும் பெயர் குறிப்பிட்டு இடம்பெற வேண்டும். அறுவை சிகிச்சைக்கு லட்சக்கணக்கில் செலவிட்ட அரசு, அதன் பலனைக் காப்பதற்கு அதில் மிகச் சிறு பங்கைச் செலவிடத் தயங்குவதில் பொருளில்லை.

மூன்றாவது, 2021 ஆகஸ்ட்டில் தொடங்கப்பட்ட ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தின் தன்னார்வலர்கள் ஏற்கெனவே ரத்த அழுத்தத்துக்கும் சர்க்கரைக்கும் வீடு வீடாகச் செல்கிறார்கள். தலையில் அறுவை சிகிச்சை ஆனவர் இருக்கும் வீட்டில் அவர்கள் கூடுதலாக நான்கு கேள்விகள் கேட்டால் போதும்: எழவே முடியாத அசதியா, அடிக்கடி வாந்தியும் தலைசுற்றலும் உண்டா, வெயிலிலும் குளிர்கிறதா, இரவெல்லாம் தாகமும் சிறுநீருமா? ஒன்றுக்கு ‘ஆம்’ என்றாலும் ராமநாதபுரத்துக்கு அனுப்பலாம்.

நான்காவது, ஸ்டீராய்டு மாத்திரையைச் சார்ந்திருப்பவர்கள் அனைவருக்கும் தமிழில் அச்சிட்ட ஓர் அட்டை. காய்ச்சல் வந்தால் மாத்திரையை இரட்டிப்பாக்க வேண்டும், வாந்தி வந்தால் ஊசி போட வேண்டும், மாத்திரையை ஒருபோதும் தாமாக நிறுத்தக் கூடாது என்பவை அதில் இருக்க வேண்டும். நெருக்கடியில் தேவைப்படும் 100 மில்லிகிராம் ஹைட்ரோகார்டிசோன் ஊசி, ஒவ்வாமைக்காகவும் பாம்புக்கடி சிகிச்சையின்போதும் ஆரம்பச் சுகாதார நிலையங்களில் பயன்படுவதுதான். அலமாரியில் மருந்து இருந்தும், மயங்கிக் கிடப்பவருக்கு அதுதான் தேவை என்று சொல்ல ஆளில்லாமல் போகக் கூடாது. வளைகுடாவுக்குத் திரும்பிச் செல்கிறவர்களுக்கு அந்த அட்டை ஆங்கிலத்திலும் அரபியிலும் இருப்பது நல்லது.

இத்தனையும் ஒருசில அனியூரிசம் நோயாளிகளுக்காகவா என்று கேட்கலாம். பயன் அவர்களுடன் நின்றுவிடுவதில்லை. கிழக்குக் கடற்கரைச் சாலை விபத்துகளில் தலையில் பலத்த அடிபட்டுப் பிழைப்பவர்களுக்கும் இதே சுரப்பி பழுதாகலாம். பிரசவத்தில் பெரும் ரத்தப்போக்கு ஏற்பட்ட பெண்களுக்கு வரும் ஷீஹன் நோய்க்குறியும் இதுவே. கண்ணாடி விரியன் கடித்துப் பிழைத்தவர்களுக்கு ஆண்டுகள் கழித்துப் பிட்யூட்டரி செயலிழந்திருப்பதை மியான்மரிலும் தென்னிந்தியாவிலும் மருத்துவர்கள் பதிவுசெய்துள்ளனர். தமிழக அரசு 2024-இல் பாம்புக்கடியை அறிவிக்கப்பட வேண்டிய நோயாக்கியது. அப்படித் திரட்டப்படும் பட்டியல், கடிபட்டவர்களைப் பின்தொடர்வதற்கும் பயன்பட வேண்டும். வயலும் கடலும் நெடுஞ்சாலையும் சேர்ந்த ராமநாதபுரம் போன்ற மாவட்டத்தில் இந்த நான்கு வகையினருக்கும் ஒரே சோதனை, ஒரே அட்டை, வாரம் ஒரு நாள் ஒரே புறநோயாளிப் பிரிவு போதுமானது.

அரசு மருத்துவக் கல்லூரி வந்துவிட்ட மாவட்டத்தில் அந்த வாராந்தரப் பிரிவைத் தொடங்குவதற்குத் தனிச் சட்டமோ பெரும் நிதியோ வேண்டியதில்லை. ஒரு சுற்றறிக்கை போதும். கவ்வி பொருத்திய அறுவை சிகிச்சை நிபுணர் தம் கடமையை நிறைவேற்றிவிட்டார். அவர் காப்பாற்றிய தலையின் அடியில் உள்ள அந்த அரை கிராம் சுரப்பியைப் பற்றி ஆறு மாதம் கழித்து விசாரிப்பது, மருத்துவ நிர்வாகத்தின் கடமை.